மூன்றாவது வரி

அடி அண்ணாமலை,
20.4.2025

அன்புள்ள தம்பி ராமதாசுக்கு,

அக்கா உண்ணாமலை எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் இருக்கிறோம், அவ்வளவுதான் சொல்ல முடியும். நீயும் நந்தினியும் ஓசூரில் எப்படி இருக்கிறீர்கள்? கம்பெனி பஸ் கைக்குப் பழகிவிட்டதா? முதுகு வலிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். என் போன் வக்கீல் அருணாதேவி அம்மாவிடம் இருக்கிறது. கவி போன மறுவாரம் குடும்ப குரூப்பில் அழுதுகொண்டே வாய்ஸ் மெசேஜ் போட்டேனே, அதை யாரோ யாருக்கோ அனுப்பி, சுற்றிச் சுற்றி என் பிள்ளை செத்த அந்த ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. நான் விக்கி விக்கி அழுத இடத்தில் புள்ளி வைத்து டைப் அடித்துக் கோர்ட்டில் கொடுத்திருக்கிறார்கள். வழக்கைப் பற்றி இனி போனில் ஒரு வார்த்தை கூடாது என்கிறார் வக்கீல். தம்பிக்குக் கடிதம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க, படிச்சதும் கிழிச்சுடச் சொல்லுங்க" என்றார். அதனால் கிழித்துவிடு.

விஷயம் இதுதான். மாசிப் பௌர்ணமிக்கு நம் சுக்கு காபிக் கடைச் சுவரில் கவியின் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டினோமே, அதற்காக அந்த ஆஸ்பத்திரி என் மேல் அவதூறு வழக்கு போட்டிருக்கிறது. கிரிவலம் வந்த லட்சம் பேர் படித்தார்களாம், போட்டோ எடுத்துப் பரப்பினார்களாம், அவர்கள் பெயர் கெட்டதாம். வழக்கு முடியும் வரை அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி நான் பேசவோ எழுதவோ அச்சடிக்கவோ கூடாது என்று தடை உத்தரவு. அதனால்தான் பெயரை இங்கே எழுதவில்லை. என் பிள்ளை எப்படிச் செத்தாள் என்று யாராவது கேட்டால் நான் இப்போது வாயை மூடிக்கொண்டு டம்ளர் கழுவுகிறேன்.

அவள் போன அன்றைக்கு அவளோடு இருந்தவன் நீ ஒருவன்தான். கடையை விட்டு வர முடியாமல் நான் தைப்பூசப் பௌர்ணமி வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணியிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் எழுதி அனுப்பு. வக்கீலுக்கு வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா.


ஓசூர்,
2.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ராமதாஸ் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். உனக்கும் மாமாவுக்கும் உடம்பு தேவலையா? மாமா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

கடிதம் கிடைத்தது. படித்ததிலிருந்து மனசு சரியில்லை. இங்கே வேலை ஜாஸ்தி. மூன்று ஷிப்டுக்கும் ஆள் ஏற்றி இறக்க வேண்டும். கீழ்பென்னாத்தூரில் சொந்த வேன் ஓட்டியபோது நான் வைத்ததுதான் சட்டம். இங்கே ஐந்து நிமிஷம் தாமதம் என்றால் புத்தகத்தில் எழுதிவிடுகிறார்கள்.

அன்றைக்கு நடந்ததை நான் அன்றைக்கே சொன்னேனே அக்கா. அதுதான். புதிதாக எழுத ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பெரிய ஆட்களோடு மோதுகிறோம், ஜாக்கிரதை. மாமாவின் பிரஷர் மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
தம்பி ராமதாஸ்.


அடி அண்ணாமலை,
9.5.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் மாமா சாப்பிடுகிறார், மாத்திரையும் போடுகிறார். எனக்கு முட்டி வலி, அது பழைய கதை. நந்தினியை விசாரித்ததாகச் சொல்.

சொன்னதுதான் என்று எழுதியிருக்கிறாய். சொன்னது கோர்ட்டுக்கு ஆகாதாம் தம்பி. அருணாதேவி அம்மா பொறுமையாக எனக்குப் பாடம் எடுத்தார். ஒருவர் பெயரைக் கெடுக்கிற மாதிரி எழுதினால் குற்றம். எழுதியது உண்மை, ஊர் நன்மைக்காக எழுதினோம் என்று நிரூபித்தால் குற்றம் இல்லை. நிரூபிக்க வேண்டியது நான். செத்தவள் என் பிள்ளை, நிரூபிக்க வேண்டியதும் நானே.

ஃப்ளெக்ஸில் கவியின் போட்டோவுக்குக் கீழே மூன்று வரி எழுதினோம். உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். வயிற்று வலியோடு காலை ஏழு மணிக்குச் சேர்த்தோம். பதினொன்றரை மணி வரை டாக்டர் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று கெஞ்சியும் அனுப்பவில்லை.

இதில் முதல் வரியை அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது வரி பொய் என்கிறார்கள். ஏழு நாற்பதுக்கே டாக்டர் வந்து பார்த்தார் என்று அவர்கள் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. வரவில்லை என்று சொல்ல உலகத்தில் உன் ஒரு வாய்தான் இருக்கிறது. மூன்றாவது வரிக்கும் சாட்சி நீதான். யாரிடம் கெஞ்சினாய், எத்தனை மணிக்கு, என்ன சொன்னாய், அவர்கள் என்ன சொன்னார்கள்? அவர்கள் கொடுத்த தாள்கள் இருபத்தாறு பக்கம் இருக்கின்றன, எல்லாம் இங்கிலீஷ். உன் மாமா முதல் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

இன்னும் மூன்று நாளில் சித்ரா பௌர்ணமி. கூட்டம் வரும். சுவரில் அந்த ஃப்ளெக்ஸ் மேல் சாக்குத் துணி கட்டியிருக்கிறோம். காற்று அடித்தால் துணி தூக்கி அவள் நெற்றி தெரிகிறது. நான் ஓடிப் போய் மூடுகிறேன். பெற்றவளே மூட வேண்டியிருக்கிறது.

சீக்கிரம் எழுது.
அக்கா.


ஓசூர்,
11.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும். நந்தினிக்குக் காய்ச்சல் வந்து போனது. முட்டிக்குத் தைலம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். மாமா சௌக்கியமா?

நீ கேட்டதை நினைத்துப் பார்த்தேன். மணியெல்லாம் ஞாபகம் இல்லை அக்கா. ஒரே கலவரமாக இருந்தது. நர்ஸ்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். யாரிடம் எப்போது என்று கேட்டால் எப்படிச் சொல்வேன்?

கோபித்துக்கொள்ளாதே. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒரு மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டால் வழக்கை வாபஸ் வாங்கிவிடுவார்கள் என்று இங்கே கூட வேலை செய்கிறவர் சொன்னார். அவருக்குச் சட்டம் தெரியும். போனவள் திரும்பி வரப் போவதில்லை. இருக்கிற நீங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தால் போதும்.

தம்பி,
ராமதாஸ்.


அடி அண்ணாமலை,
18.6.2025

தம்பிக்கு,

நந்தினிக்கு இப்போது எப்படி இருக்கிறது? கஞ்சி வைத்துக் கொடு.

மன்னிப்பு என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? மணி எழுதச் சொன்னால் ஓடாத கை, இதற்கு மட்டும் ஓடியதா? இருபத்தாறு வயதுப் பெண். வேங்கிக்கால் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊர் ஜனங்களுக்கெல்லாம் சான்றிதழ் அடித்துக் கொடுத்தவள். அவளுக்கு இறப்புச் சான்றிதழ் வாங்க அதே ஆபீசில் நான் வரிசையில் நின்றேன். என்னை மன்னிப்புக் கேள் என்கிறாய்.

அவர்கள் போடுகிற நிபந்தனையையும் கேட்டுக்கொள். பத்துக்கு எட்டு அளவில் கட்டினோம் இல்லையா, அதே அளவில், அதே சுவரில், மூன்று பௌர்ணமிக்கு மன்னிப்பு ஃப்ளெக்ஸ் கட்ட வேண்டுமாம். நான் எழுதியது அத்தனையும் பொய் என்று அதில் இருக்க வேண்டுமாம். இனி செத்தாலும் இதைப் பற்றிப் பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். மூன்று வரியில் ஒரு வரி உண்மையாக இருந்தாலும் அதையும் பொய் என்றுதான் சொல்ல வேண்டும். உன் மாமா இதைக் கேட்டுவிட்டு, "அதுக்குப் பதிலா என்னை ஜெயில்ல போடச் சொல்லு" என்றார்.

ஜூலை 24 வாய்தா. அன்றைக்கு நீ வந்து நின்றால் போதும். லீவு சொல்லிவிடு.

அக்கா.


அடி அண்ணாமலை,
15.7.2025

அன்புள்ள தம்பிக்கு,

பதில் இல்லை. உடம்பு சுகம்தானே? போன கடிதத்தில் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. சின்ன வயதிலிருந்து நான் கத்துவதும் நீ ஓடிப் போய் மாட்டுக் கொட்டகையில் ஒளிவதும் புதிதா என்ன.

இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நான் சொல்வதைக் கவனமாகப் படி. அன்றைக்கு நீ எதைச் செய்திருந்தாலும் செய்யாமல் விட்டிருந்தாலும், வந்து அதை அப்படியே சொல். மூன்று வரியில் ஒரு வரி தவறு என்றால் தவறு என்றே சொல்லு. நல்ல எண்ணத்தில், நம்பி எழுதினோம் என்று கோர்ட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்கிறார் வக்கீல். மிச்சமாவது நிற்கும். நாலரை மணி நேரம் என் பிள்ளை டாக்டர் இல்லாமல் கிடந்தாள் என்ற வரி நிற்க வேண்டும் தம்பி. எனக்கு அது ஒன்று போதும். பயத்தில் மனுஷன் ஒன்றைச் சொல்லிவிடுவான். அது கொலைக் குற்றம் இல்லை. யாரும் உன்னை அடிக்கப் போவதில்லை, உன் மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பெங்களூர் பஸ் இங்கே வரும்போது காலை நாலு மணி ஆகிவிடும். நேராகக் கடைக்கு வா. காபி போட்டு வைக்கிறேன்.

அக்கா.


ஓசூர்,
19.7.2025

அக்காவுக்கு,

நலம். எனக்குக் காய்ச்சல். டாக்டர் பஸ் பயணம் கூடாது என்கிறார். லீவும் கிடைக்கவில்லை. அடுத்த வாய்தாவுக்குப் பார்க்கலாம். மாமாவுக்கு என் வணக்கம்.

ராமதாஸ்.


அடி அண்ணாமலை,
28.7.2025

தம்பிக்கு,

காய்ச்சல் விட்டதா? இங்கே மழை இல்லை, வேர்க்கடலை வாடுகிறது.

வாய்தா முடிந்தது. சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். ஒரு பக்கம் நானும் அருணாதேவி அம்மாவும், எதிர்ப் பக்கம் அவர்களின் வக்கீல். நல்ல வேளை, உன் மாமா வெளியே பெஞ்சில் இருந்தார். அந்த வக்கீல் நம் ஃப்ளெக்ஸின் போட்டோவை மேசையில் விரித்தார். கவிக்குக் கீழே வட்டம் வட்டமாகக் குடும்பத்தார் படம் போட்டோமே, அதில் முதல் வட்டத்தில் பேனாவை வைத்தார். தாய்மாமனுக்கு முதல் இடம் கொடுப்பது நம் வழக்கம் என்று நான்தான் ஃப்ளெக்ஸ் கடை பாலாஜியிடம் சொல்லி உன்னை அங்கே போட வைத்தேன். கல்யாணத்தில் எடுத்த படம், நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

"இவரைத்தாம்மா நாங்க எங்க சாட்சியா கூப்பிடப் போறோம்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கெஞ்சியும் அனுப்பவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது, அதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். என் காலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 18 வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் சமரசம் ஆகாவிட்டால் உனக்கு சம்மன் வரும். இதற்கு மேல் உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா.


ஓசூர்,
20.8.2025

அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது, மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. இந்த ஒரு கடிதத்தைக் கிழிக்காதே. கோர்ட்டில் கொடு.

அன்று காலை ஏழு மணிக்கு என் வேனில்தான் கவிப் பாப்பாவைக் கொண்டு போனேன். நர்ஸ் ஊசி போட்டு டிரிப் ஏற்றினாள். டாக்டர் வருகிறார், வந்துகொண்டே இருக்கிறார் என்றார்கள். எட்டு, ஒன்பது, பத்து. பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, ரொம்ப வலிக்குது" என்றாள். பத்து மணிக்கு நர்ஸ் ஒரு தாளைக் கொண்டு வந்து, டாக்டர் எப்போது வருவார் என்று தெரியவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன் அக்கா. தைப்பூசமும் பௌர்ணமியும் சேர்ந்த கூட்டம், தெருவெல்லாம் தடுப்பு. இருபது வருஷம் நம் ஊரில் வண்டி ஓட்டியவன், நடுவில் மாட்டிக்கொள்வோம் என்று எனக்குத்தான் தெரியுமே. இங்கே கட்டிலாவது இருக்கிறது, டாக்டர் வந்துவிடுவார் என்றேன். அப்படியானால் கையெழுத்துப் போடுங்கள் என்றாள். படிக்காமல் போட்டேன்.

டாக்டர் வந்தபோது பதினொன்றரை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். அது சத்தியம். மூன்று மணிக்குப் பாப்பா போய்விட்டாள்.

நீ ஓடி வந்து, "ஏன்டா, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏன் எடுத்துட்டுப் போகல" என்று என் சட்டையைப் பிடித்தாய். "கெஞ்சினேன்க்கா, அனுப்பல" என்று வாயில் வந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் சொன்னேன். நீ அதை ஃப்ளெக்ஸில் எழுதுவாய் என்று நினைக்கவில்லை. சுவரில் என் படத்துக்கு மேலேயே அதைப் பார்த்த அன்றைக்கு ஊரை விட்டு ஓடினேன். வேனில் ஏறி உட்கார்ந்தால் பாப்பா படுத்திருந்த சீட்டு கண்ணில் பட்டது. அதனால்தான் விற்றேன்.

சம்மனுக்காகக் காத்திருக்க மாட்டேன். நானே வந்து கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொல்கிறேன். மூன்றாவது வரி பொய், அது என் பொய். இரண்டாவது வரி உண்மை. எந்தத் தேதிக்கு வர வேண்டும் என்று மட்டும் எழுது.

ராமதாஸ்.


அடி அண்ணாமலை,
9.9.2025

அன்புள்ள தம்பி ராமதாசுக்கு,

அக்கா எழுதுவது. முட்டி வலி பரவாயில்லை. உன் மாமா உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் என்னோடு பேசி இருபத்திரண்டு நாள் ஆகிறது. நந்தினி சுகம்தானே?

நீ வர வேண்டிய தேதி எதுவும் இல்லை. ஆகஸ்ட் 18 அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ எழுத உட்கார்ந்ததற்கு இரண்டு நாள் முன்னால். இனி அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி யாரிடமும் எப்போதும் பேச மாட்டேன் என்று ஒப்புக்கொண்டு, நான் எழுதியது எல்லாம் பொய் என்றும் ஒப்புக்கொண்டு போட்டேன். நான் பயந்து போய்ப் பிள்ளையைக் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று உன் மாமா நினைக்கிறார். நினைக்கட்டும்.

நீ கையெழுத்துப் போட்ட தாளை நான் ஏப்ரல் 18 அன்றைக்கே பார்த்தேன். இருபத்தாறு பக்கத்தில் பதினெட்டாவது பக்கம். எல்லாம் இங்கிலீஷ், அடியில் மட்டும் தமிழில் க. ராமதாஸ், கீழே இரண்டு கோடு. பள்ளிக்கூடத்தில் அப்பா கையெழுத்தை நீ திருட்டுத்தனமாகப் போட்டுப் பழகியபோதே அந்த இரண்டு கோடு உண்டு. வக்கீல் அது என்ன என்று படித்துச் சொன்னார். உன் மாமாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். அன்றைக்குத் தூங்கவில்லை. அதற்கு இரண்டாம் நாள்தான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன். நீயாகச் சொல்வாய், சொன்னால் உன்னைக் கூட்டிக்கொண்டு நானே உன் மாமா முன்னால் நிற்கலாம், கோர்ட்டிலும் நிற்கலாம் என்று நாலு மாதம் காத்திருந்தேன். ஆகஸ்ட் 18 வரை கடைக்குத் தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் எங்கேயும் போகவில்லை. சம்மன் வந்து அவர்கள் பக்கத்தில் உன்னைக் கூண்டில் ஏற்றி, அந்தத் தாளைக் காட்டி, உன் மாமா எதிரில் உன் வாயைத் திறக்க வைப்பதைப் பார்க்க என்னால் முடியாது. அதனால் போட்டேன்.

உன் கடிதம் 25-ம் தேதி வந்தது. மூன்று தடவை படித்தேன். பதினொன்றரை என்று நீ எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அழுதேன். டாக்டர் வராமல் அவள் கிடந்ததற்கு உலகத்திலேயே எழுத்தில் இருந்தது அந்த ஒரு வரிதான். இனி அதை நான் யாரிடம் காட்ட முடியும்? உன் மாமா கண்ணில் பட்டால் உன்னைத் தேடி ஓசூருக்கு வந்துவிடுவார். கிழித்துவிட்டேன்.

7-ம் தேதிப் பௌர்ணமிக்கு அந்த மன்னிப்பு ஃப்ளெக்ஸ் கட்டினோம். பாலாஜி பழக்க தோஷத்தில், "கீழே யார் யார் போட்டோ வைக்கணும்க்கா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். வட்டம் எதுவும் வேண்டாம், என் பெயர் மட்டும் போதும் என்றேன். பழையதை அவிழ்க்கும்போது கவியின் முகம் மடியாமல் சுருட்டிப் பரண் மேல் வைத்தேன்.

நல்ல கூட்டம். வேலூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தி காபி வாங்கிக் குடித்துக்கொண்டே சுவரைப் படித்தாள். முழுக்கப் படித்துவிட்டு என்னிடம், "செத்த பொண்ண வெச்சு இப்படிப் பொய் சொல்லியிருக்காளே, யாருங்க அது?" என்று கேட்டாள்.

"நான்தாங்க" என்றேன்.

அவள் டம்ளரைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். இன்னும் இரண்டு பௌர்ணமி இருக்கிறது.

நீ வர வேண்டாம், இதற்குப் பதிலும் போட வேண்டாம். வண்டியை நிதானமாக ஓட்டு. ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசக் கூடாது என்றுதான் கோர்ட்டு சொன்னது. உன்னைப் பற்றிப் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உன் அக்கா,
உண்ணாமலை.